ட்ரோன் தடுப்புக்கு லேசரும் மைக்ரோவேவும்: தடா–பழவேற்காடு கரையோரத்துக்கு ஒத்துவருமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

2025 ஏப்ரல் 13 அன்று கர்நூலில் உள்ள தேசியத் திறந்தவெளிச் சோதனைத் தளத்தில், இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ தனது மார்க்-2(ஏ) லேசர் ஆயுதத்தைச் சோதித்துக் காட்டியது. 30 கிலோவாட் வகை. இறக்கை வைத்த ஆளில்லா விமானத்தையும், கூட்டமாக வந்த ட்ரோன்களையும் அது வீழ்த்தியது. எதிரியின் கண்காணிப்புக் கருவிகளையும் ஆன்டெனாக்களையும் கெடுத்துக் காட்டியது. உருவாக்கியது ஹைதராபாத்தின் செஸ் ஆய்வகம். அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கரையில் இரண்டு வகை ஏவுகணைகளோடு ஒரே கட்டளை மையத்தின் கீழ் லேசரும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது.

இந்தச் செய்திகளுக்குப் பிறகு தமிழ்நாடு–ஆந்திர எல்லையோரத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. தடா, சூலூர்பேட்டை, ஆரம்பாக்கம், பழவேற்காடு, அங்கிருந்து காட்டுப்பள்ளி துறைமுகம் வரையிலான பட்டையில் தொழிற்சாலைகள், மின் நிலையங்கள், துறைமுகங்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கே இதைக் கொண்டுவந்து வைத்தால் ட்ரோன் பயம் தீருமா?

பதில் விளம்பர ஏட்டில் அச்சடித்த கிலோவாட்டில் கிடைக்காது. கர்நூல் வறண்ட மேட்டு நிலம். இது உப்புக்காற்றும் ஏரி ஈரமும் சேர்ந்த தாழ்நிலம். ஒரே கருவி இரண்டு இடத்திலும் ஒரே வேலை செய்யாது. ஆகவே உங்கள் இடத்தின் மிக மோசமான மணி நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தில் கருவி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். அதற்கான முறை கீழே. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

படி 1: எந்த ட்ரோனைத் தடுக்கப் போகிறீர்கள்?

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகை, கடையில் கிடைக்கும் நான்கு விசிறி ட்ரோன்: பிளாஸ்டிக் உடல், விநாடிக்கு 15 முதல் 20 மீட்டர் வேகம். இரண்டாவது, ஃபோம் அல்லது கார்பன் ஃபைபர் இறக்கை வைத்தது: விநாடிக்கு 25 முதல் 35 மீட்டர். மூன்றாவது, ஷாஹெட் மாதிரியான பெட்ரோல் எஞ்சின் தாக்குதல் ட்ரோன்: மணிக்குச் சுமார் 185 கி.மீ., அதாவது விநாடிக்கு 50 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் வெடிகுண்டு போட்டவை சிறிய ட்ரோன்கள்தான். ஆகவே பெரியதற்கு மட்டும் திட்டமிட்டுவிட்டுச் சிறியதை விடக் கூடாது. ட்ரோன் எப்படி வழிநடத்தப்படுகிறது என்பதையும் குறித்துவையுங்கள். ரேடியோ இணைப்பில் பறப்பதை ஜாமர் நிறுத்தும். முன்கூட்டியே பதிந்த பாதையில் தானே பறப்பதையும், உக்ரைன் போரில் பெருகிவிட்ட கட்டளை பெற ஃபைபர் கம்பியை இழுத்துக்கொண்டு வருவதையும் ரேடியோ இணைப்பை அடைக்கும் ஜாமர் ஒன்றும் செய்யாது. லேசரும், ட்ரோனின் மின்னணுப் பலகையைக் குழப்பும் மைக்ரோவேவும் (படி 8) உண்மையிலேயே தேவைப்படுவது இந்த இரண்டுக்கும்தான்.

படி 2: வானத்துக்கு ஒரு பதிவேடு போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. முடிவில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

லேசர் ஆயுதங்களில் இன்று பெரும்பாலும் இருப்பது ஃபைபர் லேசர். அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாது. நீராவி இதை அதிகம் உறிஞ்சாது. ஆனால் காற்றில் மிதக்கும் துளிகளும் தூசியும் உப்புத் துகளும் சிதறடிக்கும். கடல் உப்புத் துகளுக்கு ஒரு குணம் உண்டு: ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது தண்ணீரை இழுத்து ஊதிப் பெருக்கும். நம் கரையோரத்தில் இரவு முழுவதும், காலை வெயில் ஏறும் வரை, ஈரப்பதம் அதற்கு மேல்தான் நிற்கும்.

பதிவேட்டில் ஒரு வருடம், நாளுக்கு ஆறு வேளை எழுதுங்கள்: காலை 5, 7, 9 மணி, மதியம் 1, மாலை 5, இரவு 10. ஒவ்வொரு வேளைக்கும் பார்வைத் தூரம், ஈரப்பதம், பனிநிலை வெப்பம் (காற்றின் ஈரம் நீராய்ப் படியத் தொடங்கும் வெப்பநிலை), காற்றின் திசை, வேகம். பார்வைத் தூரத்துக்குத் தனிக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தூரம் தெரிந்த அடையாளங்களை வைத்துக்கொள்ளலாம்: பழவேற்காடு கலங்கரை விளக்கம், செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, இரவில் அவற்றின் சிவப்பு விளக்கு.

அந்த எண்ணை வைத்து, கிளம்பிய லேசர் ஒளியில் எத்தனை சதவீதம் இலக்கைப் போய்ச் சேரும் என்று தோராயமாகச் சொல்லலாம்:

| பார்வைத் தூரம் | 1 கி.மீ. இலக்கில் | 2 கி.மீ. இலக்கில் |
|---|---|---|
| 10 கி.மீ. | 85% | 72% |
| 4 கி.மீ. | 59% | 35% |
| 2 கி.மீ. | 30% | 9% |
| 1 கி.மீ. | 7% | 1 சதவீதத்துக்கும் கீழ் |

பார்வைத் தூரம் 1 கி.மீ.க்குக் கீழே போனால்தான் வானிலைத் துறை அதை மூடுபனி என்று எழுதும். லேசரோ 4 கி.மீ.யிலேயே தடுமாறத் தொடங்கிவிடுகிறது. “எங்கள் ஊரில் வருடத்தில் மூடுபனி நாட்கள் கொஞ்சம்தான்” என்று வானிலைப் பதிவைக் காட்டி வாதிடுவது அதனால்தான் தவறு. மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரையில் காலை எட்டு மணிக்கு எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிற நாட்களை யாரும் மூடுபனி என்று பதிவதில்லை. லேசருக்கு அவையெல்லாம் கெட்ட நாட்கள்.

மழை? மணிக்கு 5 மி.மீ. மழையில் 1 கி.மீ. தூரத்துக்குப் பாதி ஒளிதான் போய்ச் சேரும். 25 மி.மீ. என்றால் சுமார் 12 சதவீதம். ஐப்பசி, கார்த்திகைப் பேய்மழையில் 50 மி.மீ. அடித்தால் 3 சதவீதம். ஆனாலும் மழையைவிட மூடுபனிக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அப்படிப்பட்ட மழையில் சிறிய ட்ரோனும் பறக்கத் திணறும். மூடுபனியிலோ அது ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு சுகமாக வரும்.

பதிவேட்டில் இன்னொரு பத்தி கானலுக்கு. பங்குனி, சித்திரை மதியத்தில் உப்பளத்துக்கும் தார்ச்சாலைக்கும் மேலே தூரத்துக் கோபுரத்தின் அடிப்பகுதி நெளிவது தெரியும். அந்த நெளிவு லேசர் கற்றையையும் நெளிக்கும். புள்ளி விரியும், அலையும். தரையை ஒட்டி இது மோசம், உயரப் போகப் போகக் குறையும். கற்றை கிளம்பும் இடத்தைத் தரையில் வைக்காமல் 10 மீட்டர் மேடையில் ஏற்றுவதற்குக் காரணம் இதுதான். நீர்ப்பரப்புக்கு மேல் பொதுவாக நிலத்தைவிட அமைதி. ஒரு நாளில் காற்று மிக அமைதியாக இருப்பது சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டிய நேரம். ஆனால் நம் கரையில் உதய நேரம்தான் பனி அடைத்துக்கொள்ளும் நேரமும். மதியம் கானல், காலை பனி. இரண்டுக்கும் இடையில் லேசருக்கு ஏற்ற மணிகள் எத்தனை என்பதைப் பதிவேடு சொல்லும்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் வாளையாறு, கஞ்சிக்கோட்டில் இதே பதிவேடு போட்டால் படம் வேறு. அங்கே உப்புத்துகள் தொல்லை இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க்குள் காற்று விரைந்து வீசும். கற்றை சூடாக்கிய காற்றை அது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று அசையாமல் நிற்கும்போது, அதுவும் ட்ரோன் நேராக நம்மை நோக்கி வரும்போது, கற்றை ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சூடாக்கித் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும். 100 கிலோவாட் மாதிரியான பெரிய லேசருக்கு இது பெரிய தொல்லை. கணவாயில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதே காற்று லேசர் நிற்கும் கம்பத்தை ஆட்டிக் குறியைக் கெடுக்கும்.

படி 3: ஒரு ட்ரோனுக்கு எத்தனை விநாடி?

லேசர் தொட்டவுடன் எதுவும் வெடிப்பதில்லை. ஒரே இடத்தில் விடாமல் சூடேற்றி, உருக்கி, துளைக்க வேண்டும். அதற்கு மூன்று எண்கள் தேவை: புள்ளியின் அளவு, அங்கே போய்ச் சேரும் ஆற்றல், உருக்கத் தேவையான ஆற்றல்.

புள்ளி. 30 செ.மீ. கண்ணாடி வழியாக 1 கி.மீ.யில் குவித்தால் இயற்பியல் அனுமதிக்கும் மிகச் சிறிய புள்ளி சுமார் 9 மி.மீ. நடைமுறையில் கற்றையின் தரம், கானல், குறியின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து 5 செ.மீ. என்று எடுத்துக்கொள்வது நியாயம். 2 கி.மீ.யில் அது 10 செ.மீ. ஆகும், பரப்பு நான்கு மடங்கு.

உருக்கம். 2 மி.மீ. தடிப்புள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓட்டில் 5 செ.மீ. புள்ளி விழுந்தால், அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் சுமார் 4 கிராம். அதைச் சூடாக்கிச் சிதைக்க ஏறத்தாழ 10 கிலோஜூல் வேண்டும். 10 செ.மீ. புள்ளி என்றால் 40 கிலோஜூல்.

இப்போது 30 கிலோவாட் லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். விழும் ஒளியில் 60 சதவீதத்தை ஓடு உறிஞ்சுகிறது என்று வையுங்கள். பார்வைத் தூரம் 10 கி.மீ. உள்ள தெளிந்த நாளில் 1 கி.மீ. தொலைவு ட்ரோனுக்கு ஒரு விநாடிகூட வேண்டாம், 2 கி.மீ.க்கு சுமார் 3 விநாடி. பார்வைத் தூரம் 2 கி.மீ. ஆன காலையில் 1 கி.மீ.க்கு 2 விநாடி, 2 கி.மீ.க்கு சுமார் 25 விநாடி. 25 விநாடி ஒரே இடத்தில் புள்ளியைப் பிடித்துவைக்க முடியாது. ட்ரோன் திரும்பும், சாயும், விசிறிக் காற்று குளிர்விக்கும். அதாவது அந்தக் காலையில் 2 கி.மீ. என்ற தூரமே உங்களுக்கு இல்லை.

இதே கணக்கை 2 கிலோவாட் கருவிக்குப் போட்டால் தெளிந்த நாளிலேயே 1 கி.மீ.யில் 10 விநாடி வரும். சிறிய லேசர்கள் மிதந்து நிற்கும் ட்ரோனுக்கு நன்றாக வேலை செய்து, பாய்ந்து வருவதைத் தவறவிடுவது இதனால்தான்.

எங்கே குறிவைப்பது என்பதும் விநாடியை மாற்றும். கேமராவின் சென்சாரைக் கெடுக்க உடலைத் துளைப்பதில் சிறு பங்கு ஆற்றல் போதும். பளபளக்கும் அலுமினியம் இந்த அலைநீளத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்த கார்பன் ஃபைபர் நன்றாக உறிஞ்சினாலும் உருகாமல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே கருவியை விற்க வருபவரிடம் “எத்தனை கி.மீ.?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பொருளில் செய்த எந்த ட்ரோன், அது மிதந்து நின்றதா, பறந்ததா, அன்றைக்குப் பார்வைத் தூரம் என்ன, எத்தனை விநாடி ஆனது என்று கேளுங்கள்.

குறியின் துல்லியமும் இங்கேயே வருகிறது. 1 கி.மீ. தூரத்தில் புள்ளி 1 செ.மீ.க்கு மேல் ஆடக் கூடாது என்றால் கோண ஆட்டம் 10 மைக்ரோரேடியனுக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டரின் அதிர்வே அதைக் கெடுக்கப் போதும். ஜெனரேட்டரையும் லேசர் மேடையையும் ஒரே கான்கிரீட் தளத்தில் கட்டாதீர்கள். நெடுஞ்சாலை 16-இல் கனரக லாரி போகும் அதிர்வையும் அளந்து பாருங்கள்.

படி 4: கூட்டமாக வந்தால்?

ஒரு லேசர் ஒரு நேரத்தில் ஒரு ட்ரோனைத்தான் பார்க்கும். கணக்கு எளிது: வேலை செய்யக் கிடைக்கும் நேரத்தை, ஒரு ட்ரோனுக்கு ஆகும் நேரத்தால் வகுக்க வேண்டும். ஒரு ட்ரோனுக்கு ஆகும் நேரத்தில் சுடுவது மட்டுமல்ல, விழுந்ததா என்று உறுதி செய்வது, அடுத்ததற்குத் திரும்புவது, பிடிப்பது எல்லாம் சேரும். அதற்கு 4 விநாடி வையுங்கள்.

தெளிந்த நாள்: 1.5 கி.மீ.யில் தொடங்கி 300 மீட்டர் வரை சுடலாம், ஆக 1,200 மீட்டர். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 60 விநாடி. ஒன்றுக்கு 2 + 4 = 6 விநாடி. பத்து ட்ரோன்.

பனிக்காலை: கேமராவே 700 மீட்டரில்தான் பிடிக்கிறது. அங்கிருந்து 300 மீட்டர் வரை 400 மீட்டர், 20 விநாடி, ஒன்றுக்கு 4 + 4 = 8 விநாடி. இரண்டு ட்ரோன். மூன்றாவது உள்ளே வந்துவிடும்.

விநாடிக்கு 50 மீட்டர் வேகத் தாக்குதல் ட்ரோன் என்றால் தெளிந்த நாளில் நான்கு, பனியில் ஒன்று. அதுவும் இந்த வகையின் உடல் தடிப்பு, சுடும் நேரம் கூடும் என்பதைச் சேர்க்காமல்.

உங்கள் பதிவேட்டின் எண்களை வைத்து இதைப் போட்டு, கிடைத்ததைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 5: முதலில் கண்ணில் பட வேண்டும்

சிறிய ட்ரோனின் ரேடார் எதிரொலி ஒரு பெரிய பறவையின் அளவுதான். ஐப்பசி முதல் பங்குனி வரை பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும், பக்கத்து நேலப்பட்டுப் பறவைச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள். பறவை எது, விசிறி சுழல்வது எது என்று பிரிக்கத் தெரியாத ரேடார் விடிகாலையில் ஓயாமல் அலறும். இரண்டு வாரத்தில் காவலர்கள் அந்த ஒலியை அணைத்து வைத்துவிடுவார்கள். விசிறியின் சுழற்சியை எதிரொலியில் பிரித்துக் காட்டும் ரேடார், ரேடியோ அலை உணர்வி, வெப்பக் கேமரா மூன்றும் சேர்ந்து “ஆம்” என்றால் மட்டுமே லேசர் திரும்ப வேண்டும். ரேடார் சோதனையைப் பூநாரை இருக்கும் மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் தேறிய ரேடாரை மார்கழியில் நம்ப முடியாது.

படி 6: மின்சாரம், சூடு, ஈரம்

“குண்டு தீராத ஆயுதம்” என்பது பாதி உண்மை. 30 கிலோவாட் ஒளி தர, 35 சதவீதத் திறனில், சுமார் 86 கிலோவாட் மின்சாரம் உள்ளே போக வேண்டும். மீதி 56 கிலோவாட் சூடாக வெளியேற வேண்டும். குளிர்நீர் தரும் சில்லருக்கு 20 கிலோவாட், ரேடார், கேமரா, ஏசிக்கு 15 கிலோவாட் சேர்த்தால் 120 கிலோவாட்டைத் தாண்டும். 125 கேவிஏ ஜெனரேட்டர் 0.8 பவர் ஃபேக்டரில் 100 கிலோவாட்தான் தரும், போதாது. 160 கேவிஏ வேண்டும். அல்லது பேட்டரித் தொகுப்பு வைத்துச் சுடும் நேரத்து உச்சத்தை அதிலிருந்து எடுக்கலாம். பேட்டரிதான் நல்லது, அதிர்வும் இல்லை.

செலவைப் பாருங்கள். 5 விநாடி சுட்டால் ஆகும் மின்சாரம் 0.12 யூனிட், ஒரு ரூபாய்க்கு அருகில். கர்நூல் சோதனையின்போது அரசு அறிக்கை சில விநாடி சுடும் செலவை இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு ஒப்பிட்டது. பிரிட்டன் தன் டிராகன்ஃபயர் லேசருக்கு ஒரு சுடுதலுக்கு 10 பவுண்டு என்றது. இரண்டும் சுடும் செலவு மட்டுமே. உண்மைச் செலவு சும்மா காத்திருப்பதில். ரேடாரும் சில்லரும் ஏசியும் 25 கிலோவாட்டில் நாள் முழுக்க ஓடினால் நாளுக்கு 600 யூனிட். மின்வெட்டில் அதை ஜெனரேட்டரில் ஓட்டினால் நாளுக்கு 170 லிட்டர் டீசல். ஆட்கள், உதிரி, கண்ணாடி மாற்றம் தனி. ஒரு வருடம் ஒரு ட்ரோனும் வராவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது.

அடுத்தது பனிநிலை. கரையோரத்தில் வைகாசி, ஆனியில் காற்றின் பனிநிலை வெப்பம் 25 முதல் 27 டிகிரி. சில்லர் தண்ணீரை வழக்கம்போல 22 டிகிரியில் வைத்தால் குளிர்ந்த தகட்டில் நீர் முத்து முத்தாய்ப் பூக்கும். லேசருக்கு ஒளி ஊட்டும் டையோடு மேல் ஒரு துளி போதும், அந்தத் தொகுதி போய்விடும். ஸ்ரீசிட்டி, அம்பத்தூர்ப் பட்டறைகளில் ஃபைபர் லேசர் கட்டிங் மெஷின் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய விஷயம்: மெஷின் கேபினுக்கு ஏசி போட்டு, சிறிது நேரம் ஓட்டி, பிறகுதான் சில்லரை ஆன் செய்வார்கள். ஆயுதத்துக்கும் அதே வரிசைதான். மூடிய பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் கருவி, பெட்டிக்குள் பனிநிலை 15 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே குளிர்நீர். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது இந்த வரிசை தானாக நடக்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியில் பூட்டுங்கள். ஆளை நம்பி விடாதீர்கள். அவசரத்தில் முதலில் சில்லரைத்தான் தட்டுவார்கள்.

வெளிக் கண்ணாடியில் உப்பு படியும். படிந்த இடம் ஒளியை உறிஞ்சிச் சூடாகும், கண்ணாடி லேசாக வளையும், குவியம் நகரும். கருவி “சரியாகச் சுடுகிறது”, ட்ரோன் மட்டும் விழவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். தினமும் காலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பால் படிந்த மாதிரித் தெரிந்தால் அது உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். முதலில் அயனி நீக்கிய நீரைத் தெளித்துக் கரைத்து, பிறகு லென்ஸ் துணியால் ஒரே திசையில் ஒற்றி எடுக்க வேண்டும். சுடாத நேரத்தில் மூடியும், உள்ளிருந்து வெளியே மெல்ல ஊதும் உலர்காற்றும் கட்டாயம்.

2024-இல் அமெரிக்க ராணுவம் 50 கிலோவாட் லேசர் பொருத்திய ஸ்ட்ரைக்கர் வண்டிகளை மேற்கு ஆசியாவுக்கு அனுப்பிப் பார்த்தது. சோதனைத் தளத்தில் கிடைத்த பலன் களத்தில் அப்படியே கிடைக்கவில்லை. சூட்டை வெளியேற்றுவதும், நகரும் வண்டியில் பாகங்கள் தேய்வதும் தடையாயின. நம் கரைக்கு இதோடு உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: கற்றைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

தவறிய கற்றை இலக்கோடு நிற்பதில்லை. 30 செ.மீ. கண்ணாடியிலிருந்து 1 கி.மீ.யில் குவித்த கற்றை அதற்கு அப்பால் ஒவ்வொரு கி.மீ.க்கும் 30 செ.மீ. வீதம் விரியும். கண்ணுக்கு ஆபத்தில்லாத அளவுக்கு அது நீர்த்துப்போக விட்டம் சுமார் 27 மீட்டர் ஆக வேண்டும். தெளிந்த காற்றில் அதற்கு 90 கி.மீ. ஆகும். இந்த அலைநீளம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையில் நேராகக் குவியும். சென்னைக்கு வரும் போகும் விமானங்களின் பாதைகளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வரைபடத்தை விரித்து, எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் சுடவே கூடாது என்று சிவப்புக் கோடு போடுங்கள். அந்தக் கோடு மென்பொருளில் மட்டும் இருந்தால் போதாது. மேடை அந்தக் கோணத்துக்குத் திரும்ப முடியாதபடி இரும்புத் தடையும் வேண்டும். ஏரிப்பக்கம் தாழச் சுட்டால் நீர்ப்பரப்பு சாய்கோணத்தில் கற்றையைத் திருப்பும். அங்கே விடியற்காலையில் வலை இழுக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணைப் பணயம் வைக்கும் எந்தத் திட்டமும் திட்டமே இல்லை. நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கவென்றே செய்த லேசர்களை 1995-ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை தடை செய்கிறது. இந்தியா அதில் ஓர் உறுப்பினர். ட்ரோனைச் சுடும் லேசருக்குத் தடை இல்லை, ஆனால் பார்வையைக் காக்க இயன்ற முன்னெச்சரிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்பது அதே நெறிமுறையின் கடமை.

விழும் ட்ரோனையும் மறக்காதீர்கள். லேசர் சிறகை அறுத்தால் வெடிபொருள் அப்படியே கீழே வரும். எங்கே விழ வேண்டுமோ அந்த வெற்று நிலத்துக்கு மேலே இருக்கும்போதுதான் சுட வேண்டும்.

படி 8: மைக்ரோவேவ்

பனியிலும் கானலிலும் லேசர் திணறும் இடத்தில் மைக்ரோவேவ் தடையில்லாமல் போகும். அகலமான கூம்பாகப் பரவுவதால் பல ட்ரோன்களை ஒரே நேரத்தில் பிடிக்கும். ஆன்டெனா வழியாகவும், மோட்டாருக்குப் போகும் ஒயர் வழியாகவும் உள்ளே நுழைந்து கட்டுப்பாட்டுப் பலகையைக் குழப்பும், சில சமயம் எரிக்கும். பிரிட்டன் 2025 ஏப்ரலில் அறிவித்த கருவி சோதனைகளில் மொத்தம் நூற்றுக்கு மேற்பட்ட ட்ரோன்களை வீழ்த்தியது. எட்டும் தூரம் 1 கி.மீ. வரை. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 2023-இல் தோர் என்ற கருவியை ட்ரோன் கூட்டத்தின் மேல் சோதித்தது.

குறை தூரம்தான். தூரம் இரட்டித்தால் வலிமை கால்பங்காகிவிடும். 250 மீட்டரில் கிடைக்கும் வலிமையில் பதினாறில் ஒன்றுதான் 1 கி.மீ.யில் கிடைக்கும். உலோக உறை போட்டு மூடிய ட்ரோன் தப்பலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், கூம்புக்குள் இருக்கும் நம் பொருட்கள். நம் பட்டையின் அமைப்பைப் பாருங்கள்: தடா, சூலூர்பேட்டை வழியாகச் சென்னை–கூடூர் ரயில் பாதையும் அதன் சிக்னல்களும், அதற்கு இணையாக நெடுஞ்சாலை 16, வழியெங்கும் செல்போன் கோபுரங்கள், வாகனங்களின் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். ஆகவே மேற்கே திருப்பவே முடியாது. கிழக்கே ஏரிப்பக்கம் ஓரளவு சாத்தியம், அங்கேயும் படகுகளின் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் இருக்கின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் காவலர்களிலும் இருக்கலாம். நிறுவும் முன் சொந்த வளாகத்தின் கேமரா, கதவுப் பூட்டு, தீயணைப்பு அலாரம் எல்லாவற்றையும் அதே வலிமையில் சோதித்து, தேவையானதற்கு உலோக உறை போடுங்கள்.

படி 9: மற்ற அடுக்குகளும் அனுமதியும்

2025 மே மாதத்தில் ஆபரேஷன் சிந்தூரின்போது ட்ரோன்களை எதிர்கொண்டதில் எல்-70 போன்ற பழைய பீரங்கிகளுக்கும் ஜாமர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. 2025 மே 13 அன்று கோபால்பூரில் சோதித்த பார்கவாஸ்திரா சிறு ராக்கெட்டுகளால் கூட்டத்தை அடிக்கும். பனிக்காலையில் இவை நிற்க வேண்டிய இடத்தில் லேசரை மட்டும் நிறுத்தாதீர்கள். முக்கியக் கருவிகளுக்கு மேல் எஃகு வலை போடுவதும் ஓர் அடுக்குதான், மலிவானதும் கூட.

தனியார் தொழிற்சாலைக்கு லேசர் ஆயுதமும் மைக்ரோவேவும் கிடையாது. ஜாமர் வாங்குவதற்கே தனியாருக்கு அனுமதி இல்லை. அவர்கள் செய்யக்கூடியது கண்டறிதல், வலை, மறைப்பு, உள்ளூர்ப் போலீஸோடு முன்கூட்டியே எழுதிய நடைமுறை. வளாகத்துக்கு மேல் வான்பகுதி பச்சை, மஞ்சள், சிவப்பில் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்பதை 2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குகள் அவர்களுக்கும் உதவும்: பாதுகாப்புப் படை வந்து இடம் பார்க்கும் நாளில் ஒரு வருடப் பதிவேடு கையில் இருப்பது பெரிய உதவி.

படி 10: ஏற்புச் சோதனையை எப்போது, எப்படி வைப்பது

ஒப்பந்தத்தில் தேதியை நீங்கள் போடுங்கள். மூன்று சோதனை கேளுங்கள்: மார்கழியில் காலை 6 முதல் 8 மணி வரை ஏரி ஓரத்தில்; சித்திரையில் மதியம் 1 மணிக்கு, தொடர்ந்து பத்து இலக்கு, சில்லர் ஓய்வில்லாமல்; கார்த்திகையில் மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள், கண்ணாடியைத் துடைக்காமல். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு ட்ரோன் நேராகக் கருவியை நோக்கியே வர வேண்டும். பார்வைத் தூரம், ஈரப்பதம், காற்று, தண்ணீரின் வெப்பம், ஒவ்வொரு இலக்குக்கும் ஆன விநாடி எல்லாம் வாங்குபவரின் கருவியில் பதிவாக வேண்டும், விற்பவரின் கருவியில் அல்ல. மார்கழிச் சோதனையில் பார்வைத் தூரம் 4 கி.மீ.க்கு மேல் இருந்தால் அன்றைய சோதனை செல்லாது, அடுத்த பனிக்காலைக்குத் தள்ளிவையுங்கள்.